எழுதிக்கொண்டு போய் என்ன செய்வீர்கள்?

கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தோட்டக் குடும்பங்களின் சுகநலம் பற்றி ஆராய வந்த ஒருவருக்குத் தமிழ் தெரியாததால், மொழிபெயர்ப்பதற்காக என்னைக் கூட்டிச் சென்றார். படித்துவிட்டு வேலையின்றி இருந்த எனக்கு அந்த நாட்கூலி பெரிதாகத் தெரிந்தது.

லயத்தின் இஸ்தோப்பில் எங்களுக்கு இரண்டு கதிரைகள் போட்டார்கள். தோட்டத்துரையின் அனுமதியோடு வந்திருந்தோம். காலையில் பிரட்டுக்களத்திலேயே எங்களைப் பற்றி அறிவித்தும் இருந்தார்கள். எனவே எந்த வீட்டிலும் மறுப்பு இல்லை. வினாக்கொத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கேள்விகள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பிரசவம், இறந்தவை எத்தனை என்று தொடங்கி, வீட்டில் சாராயம் குடிப்பவர் உண்டா, சண்டை உண்டா, கணவர் அடிப்பதுண்டா என்று போய் முடியும். நான் உரத்த குரலில் கேட்டேன். கேட்கப்பட்ட பெண்ணுக்குப் பின்னால் மாமியார் நின்றார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். சில வீடுகளில் கணவரே வாசற்படியில் குந்தியிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று இருபத்து மூன்று வீடுகள். இருபத்து மூன்று 'இல்லை'. ஒரு கேள்வியும் விடுபடாமல் பதில் கிடைத்தது என்று ஆய்வாளருக்கு மிகுந்த திருப்தி.

இறங்கி வரும்போது பீலிக்கரையில் தண்ணீர் குடிக்க நின்றேன். காலையில் பேசிய பெண்களில் ஒருவர் அங்கே குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். "தம்பி, இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"அரசாங்கத்துக்குத் தெரிய வரும் அக்கா, ஏதாவது நல்லது செய்வார்கள்" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க அண்ணனையும் இப்படித்தான் ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப இந்தியாவுல கெடக்கிறாரு" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. இன்று பேராதனைப் பல்கலைக்கழக மாணவரும், தொண்டு நிறுவனங்களின் ஊழியரும், சில வேளை நமது பங்கு இளைஞரும் வினாக்கொத்துகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். காகிதத்துக்குப் பதிலாகக் கையில் தொலைபேசி இருக்கிறது. மதுப் பழக்கம், குடும்பத்தில் வன்முறை, தற்கொலை எண்ணம், கருச்சிதைவு, கடன் என்று மனிதர் மூடி வைத்திருக்கும் காரியங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். மக்கள் வாய் திறப்பதில்லை, பங்குபற்ற மறுக்கிறார்கள், அவர்களை எப்படிப் பேச வைப்பது என்று விசாரிக்கிறார்கள். இதை ஒரு தந்திரம் பற்றிய கேள்வியாகவே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். எனக்கோ இது ஓர் ஒழுக்கக் கேள்வியாகத் தோன்றுகிறது. மக்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்குமுன், சொல்வதைத் தாங்கும் தகுதி நமக்கு உண்டா என்று நாம் கேட்க வேண்டும்.

மலைநாட்டின் நினைவு

நம் மலைநாட்டு மக்கள் எழுத்துக்கும் தாளுக்கும் அஞ்சுவதை அறியாமை என்று சொல்வோர் உண்டு. அது அறியாமையன்று, அனுபவம்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டில் பிறந்தது மட்டும் போதாது என்றது. தகப்பனாரும் இங்கேதான் பிறந்தார், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கேதான் பிறந்தார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்றால் என்னவென்று அறியாத ஒரு தலைமுறையிடம் மூன்று தலைமுறைப் பத்திரங்களைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் இலட்சக்கணக்கானோருக்காக விண்ணப்பங்கள் போயின. எங்கே பிறந்தீர், எப்போது வந்தீர், இடையில் இந்தியாவுக்குப் போய் எத்தனை நாள் தங்கினீர் என்ற கேள்விகளுக்குச் சொன்ன விடைகளே பலருக்கு எதிராகத் திரும்பின. பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன.

பின்னர் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரு அரசுகளும் பங்கு பிரித்தன. அந்த 1,50,000 பேரும் 1974இல் சரி பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேரிடமும் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவர்கள், கேட்டதையெல்லாம் அவர்களை அனுப்புவதற்குப் பயன்படுத்தினார்கள். பீலிக்கரையில் அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் இந்தச் சரித்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தில் தீர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதன் தடம் குடிசன மதிப்பீட்டிலும் தெரிகிறது. 1981இல் 'இந்தியத் தமிழர்' என்று பதிந்தோர் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம் பேர். முப்பத்தோர் ஆண்டுகளின் பின் 2012இலும் ஏறத்தாழ அதே தொகைதான். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் நாட்டின் சனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாகவே வந்தார்கள். இடையில் கப்பலேறிப் போனவர்களும் வெளிநாடு சென்றவர்களும் உண்டு. ஆனால் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களும் திரளானோர். அவர்களைப் பொய்யர் என்று யார் சொல்ல முடியும்? 'இந்தியர்' என்ற ஒரு சொல்லால் வாக்குரிமையை இழந்தவர் வீட்டுப் பிள்ளை, அந்தச் சொல்லைத் தன் மீது எழுதிக்கொள்ள மறுப்பது இயல்பே. ஆயினும் தொகை குறையும்போது பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அரசியல் பிரதிநிதித்துவத்துக்குமான நியாயமும் குறைவதாகக் காட்டப்படுகிறது. சொன்னாலும் தீங்கு, சொல்லாவிட்டாலும் தீங்கு. உணர்வைத் தொடும் எந்த விடயத்தைப் பற்றிய ஆய்விலும் பதில் சொல்ல வேண்டியவர் நிற்கும் இடம் இதுதான்.

பட்டியல் கொல்லும் காலம்

சொன்னது யார் கைக்குப் போகும் என்ற அச்சம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாகப் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் கண்டி நகரிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. வாக்களிப்பதற்காக நம்பிக்கையோடு கொடுத்த பெயரும் விலாசமும் நெருப்பு வைப்பவனுக்கு வழி காட்டின என்ற நினைவு எளிதில் அழியாது.

ஐரோப்பாவிலும் இது நடந்தது. ஒல்லாந்து அரசு தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மிக ஒழுங்கான பதிவு அட்டை வைத்திருந்தது. அதில் சமயமும் எழுதப்பட்டிருந்தது. நல்ல நிர்வாகத்துக்காகவே அதைச் செய்தார்கள். நாசிகள் அந்நாட்டைப் பிடித்தபோது யூதர்களைத் தேடிப்பிடிக்க அந்த அட்டைகள் கைகொடுத்தன. ஒல்லாந்து யூதர்களில் நாலில் மூன்று பங்கினர் மாண்டார்கள். 1943ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி அம்ஸ்டர்டாமிலிருந்த பதிவகத்துக்குள் ஒரு சிறு குழுவினர் புகுந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். அவர்களுள் பலர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாதாரணமான ஒரு பதிவேட்டை அழிப்பதற்காக மனிதர் உயிரைக் கொடுக்க வேண்டி வந்ததென்றால், எழுதி வைத்த தகவல் எத்தகைய ஆயுதம் என்பது விளங்கும்.

இந்தப் பாடத்தை மேற்கு ஜேர்மனி மறக்கவில்லை. 1983இல் அங்கு நடக்கவிருந்த குடிசன மதிப்பீட்டைப் பெருந்தொகையானோர் எதிர்த்தார்கள். அவ்வாண்டு டிசெம்பர் 15ஆந் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், ஒருவரைப் பற்றிய தகவல் எவ்வாறு பயன்படலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்படையில் அவருக்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது. மதிப்பீடு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போய், திருத்திய முறையில் 1987இல் நடந்தது. மக்களின் மறுப்பு ஆய்வைக் கெடுக்கவில்லை. கேட்பவருக்குரிய கட்டுப்பாடுகளை அது வகுத்துத் தந்தது.

கேட்காமலே விட்டால் என்ன?

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது இத்தகைய கேள்விகளைக் கேட்காமலே விட்டால் என்ன என்று சிலர் சொல்லக்கூடும். நானும் சிறிது காலம் அப்படி எண்ணியதுண்டு. ஆனால் அந்த இருபத்து மூன்று 'இல்லை'களையும் நினைக்கும்போது அது தவறென்று தெரிகிறது. அந்தத் தாளைப் பார்க்கும் அதிகாரி, அந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் அடிபடவில்லை என்றே முடிவு செய்வார். கேட்காமல் விடுவதும் தவறாகக் கேட்பதும் ஒரே பலனைத் தருகின்றன. துன்பப்படுபவர் கணக்கில் இல்லாமற் போகிறார்.

உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. அடிபட்டதாகச் சொன்ன பெண்களில் குறைந்தது ஐந்தில் ஒருவர், அந்தப் பேட்டிக்கு முன் வேறு எவரிடமும் அதைச் சொன்னதே இல்லை. தாயிடமும் சொல்லவில்லை, தோழியிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி முறையாகக் கேட்டபோது சொன்னார்கள். அவர்கள் காத்திருந்தது கேள்விக்காகவே. அதை யாரும் கேட்கவில்லை, அல்லது மாமியாரை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

நமது நாட்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்கள் மீதான வன்முறை பற்றி நாடளாவிய முதல் தனி ஆய்வை நடத்தியது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் தம் வாழ்நாளில் கணவராலோ துணைவராலோ உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிய வந்தது. இப்படி ஒரு தொகை நம் கையில் இருப்பதற்குக் காரணம், கேட்கும் முறையை அவர்கள் கவனித்ததேயாகும்.

கேட்கும் முறை

அந்த முறையின் அடிப்படையை உலக சுகாதார நிறுவனம் 2001இல் விதிகளாக எழுதியிருந்தது. பெண்களிடம் பயிற்றப்பட்ட பெண்களே கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்குக் கேள்வி என்னவென்று தெரியாது. பக்கத்தில் வேறொருவர் இருக்கக் கூடாது. எவராவது உள்ளே வந்தால் பேச்சை உடனே வேறு விடயத்துக்கு மாற்ற வேண்டும். ஒருவர் அழுதால் கேள்வியை நிறுத்தி அவருடைய ஆறுதலைக் கவனிக்க வேண்டும். உதவி எங்கே கிடைக்கும் என்ற விபரத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும். கேட்டுக் கேட்டு மனம் தளரும் பேட்டியாளரையும் தாங்க வேண்டும்.

இந்த விதிகளை நமது லயத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சுவர். பல லயங்களில் அதுவும் கூரை மட்டும் உயர்வதில்லை. இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து தனிமை என்று சொல்வது கேலிக்கூத்து. மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் கேட்டால் கங்காணியின் கண் இருக்கும். அன்றைய நிறை குறைந்து அரைப் பேர் விழும். பிள்ளைக் காம்பராவிலோ, மருந்து எடுக்க வரும் இடத்திலோ, பீலிக்கரைப் பாதையிலோதான் ஒரு பெண்ணுக்குத் தன் பேச்சைத் தானே ஆளும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்த இடத்தை அவரே தெரிவு செய்யட்டும். ஆய்வாளரின் வசதிக்கு ஏற்ற இடம் அவருக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சிங்களவரும் தமிழரும் அங்கு ஒன்றாக இருந்து தோட்ட மக்களிடையே பணி செய்தார்கள். முகம் தெரிந்தவரிடம் பேசுவது வேறு, ஒரு நாள் வந்து போகிறவரிடம் பேசுவது வேறு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில காரியங்களை முகம் தெரிந்தவரிடமே சொல்ல முடியாது. நாளை கோயிலில் சந்திக்க வேண்டியவரிடம் நேற்று நடந்ததைச் சொல்ல நாணுவோம். பழகியவரா அந்நியரா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். இரண்டு பேரிடமும் மக்கள் எதிர்பார்ப்பது, வாயைக் கட்டத் தெரிந்தவரா என்பதைத்தான்.

பதில் சொல்பவரைக் கேட்பவரிடமிருந்தே காப்பாற்றும் வழியும் ஒன்றுண்டு. 1965இல் ஸ்ரான்லி வோர்னர் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் அதை முன்வைத்தார். அதன் எளிய வடிவம் இது. கேட்கப்படுபவர் யாரும் காணாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். 'ஆம்' என்ற ஒருவரைப் பார்த்து, அது நாணயம் சொன்னதா அவர் சொன்னதா என்று எவரும் அறிய முடியாது. பொலிசும் அறியாது, கணவரும் அறியார், கேட்டவரும் அறியார். ஆனால் ஆயிரம் பேரிடம் கேட்டு 580 பேர் 'ஆம்' என்றால், ஏறத்தாழ 500 'ஆம்' நாணயத்தால் வந்தவை. உள்ளதைச் சொன்ன மற்றைய 500 பேரில் 80 பேர் உண்மையிலேயே 'ஆம்' என்றவர்கள். அதாவது நூற்றுக்கு பதினாறு. தனி ஆளின் இரகசியம் அவரிடமே இருக்கிறது, ஊரின் நிலை மட்டும் வெளியே வருகிறது.

இந்த முறையை எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியாது. விளங்கிக்கொள்ளச் சிலருக்குக் கடினம். ஆனால் இதற்குப் பின்னாலுள்ள எண்ணம் உயர்ந்தது. என்னை நம்புங்கள் என்று கெஞ்சுவதற்குப் பதிலாக, நான் நினைத்தாலும் உங்களுக்குத் துரோகம் செய்ய முடியாதபடி என் கையை நானே கட்டிக்கொள்கிறேன் என்று அது சொல்கிறது.

கத்தோலிக்கருக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீறும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுவதும் கடும் தவ மடத்தில் அடைக்க வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நாலாம் லாத்தரன் சங்கம் விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயராயிருந்த புனித சார்ள்ஸ் பொரோமேயு, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவுக்கும் மன்றாடுபவருக்கும் இடையே தட்டி வைக்கச் செய்தார். இரண்டிலும் கட்டுப்பட்டவர் யார் என்று பாருங்கள். சொல்ல வருபவர் மீது எந்தக் கட்டும் இல்லை. கேட்பவர் மீதே கட்டு விழுந்தது.

மூன்று சங்கடங்கள்

இனி, நல்லெண்ணமுள்ள ஆய்வாளரையும் தடுமாற வைக்கும் மூன்று காரியங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெயரை மறைப்பது. 2019ஆம் ஆண்டு ஆய்வுக்குப் 'பெண்களின் நல்வாழ்வு' என்ற பெயரே வைக்கப்பட்டது. வன்முறை பற்றிய ஆய்வு என்று வாசலில் நின்று சொன்னால், அடிக்கும் கணவர் கதவை மூடுவார். அல்லது பேட்டியாளர் போனபின் மனைவியை மறுபடியும் அடிப்பார். இது பொய்யா? பெயர் பொய்யல்ல. அடிபடாமல் வாழ்வது நல்வாழ்வின் பகுதிதான். முழுவதையும் சொல்லாமல் விடுவதற்கும் இல்லாததைச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. தீங்கு செய்யக் காத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் விளக்கும் கடமை எவருக்கும் இல்லை. ஆனால் இந்த நியாயம் கணவரோடு நின்றுவிட வேண்டும். அந்தப் பெண்ணோடு தனித்திருக்கும்போது, கேட்கப் போவது என்னவென்று முன்கூட்டித் தெளிவாகச் சொல்லி, விருப்பமா என்று கேட்க வேண்டும். அவரிடமும் மறைத்து, பேச்சுவாக்கில் வாயைக் கிளறி எடுப்பது திருட்டுக்குச் சமம்.

இரண்டாவது, அன்பளிப்பு. பங்குபற்றுவோருக்குப் பணமோ பொருளோ கொடுத்தால் தொகை கூடும். நாட்சம்பளக்காரரின் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு நன்றி மட்டும் சொல்வது அநீதி. இழந்த கூலியைக் கொடுப்பது கடன். ஆனால் வீட்டில் அரிசி இல்லாதவர் மறுக்க முடியாத அளவு கொடுத்தால், அது சம்மதத்தை விலைக்கு வாங்குவதாகும். இடையே கோடு எங்கே என்று அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அவருக்கு ஒரு நட்டமும் வராது என்ற நிலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பெரியவர்களின் சிபாரிசு. பலர் இதை ஆபத்தானதென்று எண்ணுவதில்லை. துரை சொன்னால் வருவார்கள். தலைவர் சொன்னால் வருவார்கள். பங்குத்தந்தை பூசை முடிவில் அறிவித்தால் ஊரே திரண்டு வரும். நான் போன தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் அறிவித்ததால்தான் ஒருவரும் மறுக்கவில்லை; ஒருவரும் உண்மை சொல்லாததற்கும் அதுவே காரணம். துரையின் அனுமதியோடு வந்தவனைத் துரையின் ஆள் என்றே எண்ணுவார்கள். குருவின் சொல்லுக்கு மக்கள் தரும் மதிப்பை வேறு ஒருவரின் வினாக்கொத்துக்காகச் செலவிடக் கூடாது. அவர் ஏதாவது சொல்வதானால், வர விரும்பாதவர் வர வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லட்டும்.

மறுப்பவர்களை ஆய்வாளர்கள் தொல்லையாக நினைப்பதுண்டு. நூறு வீடுகளில் முப்பது மூடியிருந்தால், எஞ்சிய எழுபதை வைத்து ஊரைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். மூடிய கதவுகளுக்குப் பின்னால் மிகவும் அடிபட்டவர்களும் மிகவும் அஞ்சியவர்களும் இருக்கக்கூடும் என்பதை நேர்மையுள்ளவர் தம் அறிக்கையில் எழுதி வைப்பார். கணக்கில் குறைந்த தொகை வந்தால் அது சமாதானத்தின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது.

கிணற்றடியில்

அருளப்பர் நற்செய்தியின் நாலாம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தியை ஆண்டவர் கிணற்றடியில் சந்திக்கிறார். பீலிக்கரையை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காட்சி என் மனதில் வரும். அவளுடைய வாழ்க்கையில் மிகவும் நோகும் இடத்தைத் தொடும் கேள்வி அங்கே வருகிறது. ஆனால் அதற்கு முன் என்ன நடந்தது? சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் அங்கு இல்லை. அவர் முதலில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். தேவை உள்ளவராக அவள் முன் நின்றார். அவள் திருப்பிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கணவரைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான். அவள் சொன்னதைப் பழிப்பதற்குப் பயன்படுத்தவில்லை. கடைசியில் ஊருக்குள் போய்ச் சொன்னவள் அவளேதான். அவளைப் பற்றி அவர் ஊரில் சொல்லவில்லை.

ஆண்டவரை ஆய்வாளராக்குவது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு மனிதரின் மூடிய அறைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முக்கியமாக, கேட்க வந்தவரும் கேட்கப்படச் சம்மதிக்க வேண்டும். நான் போன அன்று வினாக்கொத்தில் முப்பது கேள்விகள் இருந்தன. அந்தப் பெண்கள் எங்களைக் கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை. கேட்ட ஒருவரும் பீலிக்கரை வரை வந்து காத்திருந்துதான் கேட்டார்.

அவருக்குச் சொல்ல வேண்டியது

அன்று எழுதியவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அறிக்கை அச்சானதா, யார் வாசித்தார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தோட்டத்துக்குத் திரும்பிப் போய், நீங்கள் சொன்னதிலிருந்து நாங்கள் அறிந்தது இது என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அதைக்கூட நாங்கள் செய்யவில்லை. வாங்கிய கடனைத் திருப்பாதவனிடம் அடுத்த முறை ஊரார் கதவைச் சாத்துவது நியாயம். பின்னால் வரும் நல்ல ஆய்வாளர் ஒருவருக்கு அந்தக் கதவு மூடியிருந்தால், அதில் என் பங்கும் இருக்கிறது.

வினாக்கொத்தோடு புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீலிக்கரையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை உங்களிடமும் ஒருவர் கேட்பார். பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். அரசாங்கம் நல்லது செய்யும் என்று உங்களால் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்: "அக்கா, உங்கள் பேரை நான் எழுதவில்லை. இதை இன்னார் மட்டும் பார்ப்பார்கள், இந்த நாளில் அழித்துவிடுவோம். வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்தலாம், கோபிக்க மாட்டேன். வீட்டில் கஷ்டம் என்றால் 1938 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். 2005ஆம் ஆண்டிலிருந்து உங்களைக் காக்க ஒரு சட்டமும் இருக்கிறது. இதனால் உங்களுக்கு நாளைக்கே ஒன்றும் கிடைக்காது. என்ன தெரிய வந்தது என்று வந்து சொல்லிவிட்டுப் போவேன்." இவ்வளவையும் சொல்லி, சொன்னபடி திரும்பியும் போகக்கூடியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. முடியாது என்று தெரிந்தால், அந்தக் கேள்வியை வினாக்கொத்திலிருந்து எடுத்துவிட்டுப் போவதே நேர்மை.

கதவுக்கு உள்ளே இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். யாராவது கேட்க வந்தால், இதை எழுதிக்கொண்டு போய் என்ன செய்வீர்கள் என்று நீங்களும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. தெளிவாகப் பதில் சொல்பவரிடம், முடிந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்; உங்கள் வீட்டுக்கு உதவாவிட்டாலும் அடுத்த லயத்தில் வாய் திறக்க முடியாத ஒருத்திக்கு அது உதவக்கூடும். பதில் சொல்லத் தடுமாறுபவரை, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எனக்கு அந்த அக்கா செய்ததும் அதுதான்.